சிவந்த முகத்துக்கு முதல் மடக்கு

ஒரு கரட்டு மலையில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. மலை உச்சிப் பாறையில் ஒரு சுனை. மலையடியில் ஒரு குட்டை. குட்டையில் ஓர் எருமை. கதைக்கு இவ்வளவு போதும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கோடையில் சுனை வற்றத் தொடங்கிவிட்டால் எல்லாரும் முண்டியடித்து இறங்கிக் குடிக்கக் கூடாது. விடிந்ததும் கூட்டத்தின் தலைவனான தலைக்கடுவன் சுனை விளிம்பில் வந்து உட்காருவான். மந்திகள் எல்லாம் அவனுக்கு முகத்தைக் காட்ட வேண்டும். எவள் முகம் அதிகமாகச் சிவந்திருக்கிறதோ, அவளுக்கு முதல் மடக்கு. அவளும் அவள் குட்டியும் வயிறு முட்டக் குடித்து எழுந்த பிறகுதான் அடுத்தவள் இறங்கலாம்.

கிறுக்குத்தனமாகத் தெரிகிறதா? தொடங்கியபோது நல்ல வழக்கம்தான். குட்டி ஈன்ற மந்திக்கு முகம் சிவக்கும். பால் கொடுக்கிறவள் முதலில் குடிக்கட்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு நல்ல கடுவன் ஏற்படுத்தி வைத்தது. பின்னால் வந்தவர்கள் பாலை மறந்துவிட்டார்கள். சிவப்பை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

கொக்கி என்று ஒரு மந்தி இருந்தாள். நடுவிரல் வளைந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். அவளுக்குக் குட்டியே கிடையாது. ஆனால் பிறவியிலேயே முகம் செக்கச் செவேல். மூன்று கோடையாக முதல் மடக்கு அவளுக்குத்தான்.

மருதி என்று இன்னொரு மந்தி. அவளுக்குப் பொட்டு என்று ஒரு குட்டி. பெற்றும் என்ன, மருதியின் முகம் வெளிறியே கிடந்தது. வரிசையில் ஏழாவது ஆள். ஏழாவது ஆள் இறங்கும்போது சுனையில் கலங்கல்தான் மிச்சம் இருக்கும். குட்டைக்குப் போகலாமே என்பீர்கள். அங்கே சேறுதான். அதை நக்கிய குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது.

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள் மருதிக்குப் பால் நின்றுவிட்டது. பொட்டு சப்பிச் சப்பிப் பார்த்தான். பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் மடியில் தலையைப் போட்டுக்கொண்டான். போன கோடையில் இப்படித் தலையைப் போட்ட இரண்டு குட்டிகள் அப்புறம் அதைத் தூக்கவே இல்லை. மருதி அதைக் கண்ணால் பார்த்தவள்.

அவள் யோசித்தாள். முன்பொரு தடவை ஒரு கிழக்கடுவன் நடுப்பகலில் பாறைமேல் தூங்கிப்போனான். மறுநாள் அவன் முகம் கோவைப்பழம் மாதிரி சிவந்திருந்தது. அது அவளுக்கு ஞாபகம் வந்தது.

பொட்டுவைப் பாறை இடுக்கில் நிழலில் படுக்க வைத்தாள். தான் மட்டும் மொட்டைப் பாறையில் ஏறி, மல்லாந்து, முகத்தைச் சூரியனுக்குக் கொடுத்துப் படுத்தாள்.

கீழே குட்டையிலிருந்து எருமை பார்த்தது. மருதிக்கும் எருமைக்கும் பழக்கம் உண்டு. வாரம் ஒரு தடவை மருதி இறங்கி வந்து எருமையின் காதில் உண்ணி எடுப்பாள்.

"ஏ மருதி, உயிரோடதான் கெடக்கியா?"

"வெயில் காயறேன்க்கா."

"மார்கழியில காய வேண்டிய வெயிலைச் சித்திரையிலயா காய்வாங்க? எழுந்திரு."

"முகம் சிவக்கணும்க்கா."

"சிவக்கும். அப்புறம் வேகும். நான் ஏன் நாள் பூரா சேத்துல கெடக்கேன், சோம்பேறித்தனம்னு நெனச்சியா? என் தோல்ல மயிர் கம்மி. சேறு பூசலேன்னா வெந்துடும். உன் முகத்துல மயிரே இல்ல."

"பொட்டு தண்ணி குடிக்கணும்க்கா."

எருமை மூக்கு வரைக்கும் சேற்றில் இறங்கிக்கொண்டது.

மருதி அப்படி இரண்டு பகல் கிடந்தாள். மூன்றாம் நாள் காலை சுனை விளிம்புக்கு வந்தபோது கூட்டமே திரும்பிப் பார்த்தது. தலைக்கடுவன் அவள் முகத்தைப் பார்த்தான், கொக்கியின் முகத்தைப் பார்த்தான், மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தான்.

"மருதிக்கு முதல் மடக்கு" என்றான்.

பொட்டு குடித்தான். மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திக் குடித்தான். மருதி அவன் வயிறு உருண்டு திரள்வதைப் பார்த்துக்கொண்டே தானும் குடித்தாள். அந்தக் கோடையில் அவள் சிரித்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

கொக்கி இரண்டாவதாக இறங்கினாள்.

மத்தியானம் எரிச்சல் தொடங்கியது. நெருப்பை அள்ளிக் கொட்டின மாதிரி எரிந்தது. சாயங்காலத்துக்குள் முகம் வீங்கி, கன்னத்தில் சின்னச் சின்னதாகக் கொப்புளம் கிளம்பிவிட்டது. மருதி குட்டியைத் தூக்கிக்கொண்டு எருமையிடம் ஓடினாள்.

"சேறு குடுக்கா, பூசிக்கறேன்."

"வேகறதுக்கு முன்னாடி பூசணும் சேறு. வெந்த பிறகு பூசினா சீழ் பிடிக்கும். நான் சொல்றதைக் கேக்கறியா?"

"கேக்கறேன்."

"முதல்ல வெயில் படற எடத்துல தலையைக் காட்டாதே. காலையில சுனையில குடிச்சதும் புங்க இலைக் கொத்தை நல்ல தண்ணியில நனைச்சு முகத்துல வை. தேய்க்காதே, சும்மா வை. சூடேறினா திரும்ப நனை. அப்புறம் சோத்துக்கத்தாழை. கிழிச்சா மஞ்சளாப் பால் வடியும், அதை வடிய விட்டுடு. அது பட்டா அரிக்கும். உள்ள வெள்ளையா இருக்கற சோத்தை மட்டும் மெல்லத் தடவு. கொப்புளத்தை உடைக்காதே. தண்ணி நெறையக் குடி."

"இவ்வளவுதானா?"

"இனிமேதான் இருக்கு. நாலஞ்சு நாள்ல எரிச்சல் அடங்கி, தோல் உரியத் தொடங்கும். அரிக்கும் பாரு, அப்படி அரிக்கும். தொடாதே. நீயும் தொடாதே, உங்க கூட்டத்துல ஒருத்தரையும் தொட விடாதே."

மருதி முழித்தாள். "எங்க கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் நோண்டாம எப்படிக்கா? நான் உன் காதுல நோண்டறப்ப நீயே சொக்கிப் போறியே."

"அது உண்ணிடி. வெளியில இருந்து வந்து ஒட்டினது, எடுக்கலாம். இது உன் தோல். உள்ள புதுத் தோல் வளர்ற வரைக்கும் அதுக்குப் போர்வை. தானா விழும்போதுதான் விழணும்."

மருதி சொன்னபடி செய்தாள். குரங்கு சொன்னபடி செய்வது எப்பேர்ப்பட்ட காரியம் என்று உங்களுக்குத் தெரியும். விடிந்ததும் போய் முதல் மடக்கைக் குடிப்பாள், இலையை நனைத்துக்கொள்வாள், நேரே ஒரு குகைக்குள் போய்விடுவாள். நாலு நாள் இப்படிப் போயிற்று. வீக்கம் வடிந்தது. எரிச்சல் அடங்கியது. கொப்புளங்கள் தாமாகவே வற்றின. மூக்கு ஓரத்தில் வெங்காயச் சருகு போலத் தோல் மெல்ல எழும்பத் தொடங்கியது.

பொட்டுவும் தேறிவிட்டான். பால் மறுபடி ஊறியது.

ஆனால் இரண்டு சங்கடம் வந்தது. ஒன்று, கூட்டத்தில் முணுமுணுப்பு. குரங்குகளுக்குச் சாயங்காலம் கூடி உட்கார்ந்து பேன் பார்ப்பதுதான் உறவு, மரியாதை, சமாதானம் எல்லாம். முதல் மடக்கு குடிப்பவள் நடுவில் உட்கார வேண்டும். எல்லாரும் அவளை முறை வைத்து நோண்டுவார்கள். நாலு நாளாக நடு இடம் காலியாகக் கிடந்தது.

இன்னொன்று, முகம் ஆற ஆறச் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. ஐந்தாம் நாள் காலை தலைக்கடுவன் மருதியையும் கொக்கியையும் பார்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டான். கடைசியில் மருதி பெயரைத்தான் சொன்னான், ஆனால் மனசில்லாமல் சொன்னான்.

அன்று மத்தியானம் கொக்கி குகைக்கு வந்தாள். ஒரு கை நிறைய அத்திப்பழம் கொண்டுவந்தாள்.

"மருதிக்கண்ணு, எப்படி இருக்கே? எங்க எல்லாரையும் வேண்டாம்னு ஒதுக்கிட்டியா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா. முகம் வெந்துபோச்சு. தொடக் கூடாதாம்."

"யார் சொன்னா? அந்தச் சேத்து எருமையா? அது தோல் என்ன, நம்ம தோல் என்ன?" கொக்கி பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஐயோ, எப்படி உரிஞ்சு நிக்குது பாரு. அரிக்கலையா?"

"உயிர் போகுது."

"மேல காஞ்ச தோல் மூடியிருக்கிறதாலதான் முகம் மங்கலாத் தெரியுது. உள்ள எப்படிச் சிவந்திருக்கும் தெரியுமா? நாளைக்குத் தலைக்கடுவன் யாரைச் சொல்லுவானோ. நான் குடிக்கிறதைப் பத்தி இல்லடி, உன் பிள்ளை இப்பத்தான் தேறியிருக்கான்."

கடைசி வார்த்தைதான் தைத்தது. மருதி மடியில் தூங்கும் பொட்டுவைப் பார்த்தாள். பிறகு முகத்தை நீட்டினாள்.

கொக்கியின் விரல் வளைந்த விரல். அந்த விரலுக்கு உரிக்கத்தான் தெரியும். மூக்கு ஓரத்தில் பிடித்தாள், இழுத்தாள். அரிப்பு தீர்ந்த சுகத்தில் மருதி கண்ணை மூடிக்கொண்டாள். தோல் போன இடத்தில் பச்சைச் சதை பளபளவென்று சிவந்து நின்றது.

மறுநாள் தலைக்கடுவன் யோசிக்கவே இல்லை. மருதிக்குத்தான் முதல் மடக்கு.

அன்று சாயங்காலம் அவள் நடு இடத்தில் உட்கார்ந்தாள். கூட்டம் சந்தோஷமாக மொய்த்துக்கொண்டது. ஒருத்தி நெற்றியில் உரித்தாள், ஒருத்தி கன்னத்தில் உரித்தாள். எல்லாரும் பிரியமாகத்தான் செய்தார்கள். கொக்கி ஒருத்திக்கு மட்டும்தான் இது எங்கே போய் முடியும் என்று தெரியும். அவள் ஒரு கோடை முழுக்கக் காத்திருக்கத் தெரிந்தவள். பொட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் விட்டால் பொருக்குத் தட்டிவிடும். பொருக்குத் தட்டினால் சிவப்பு மறைந்துவிடும். ஆகவே நாள்தோறும் உரிக்க வேண்டியதாயிற்று. உரிக்கத் தோல் இல்லாதபோது பொருக்கைப் பெயர்த்தார்கள். ஒரு வாரத்தில் ஈ மொய்க்கத் தொடங்கியது. இடது கன்னத்தில் சீழ் கட்டியது. ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. அப்போதும் முதல் மடக்கு அவளுக்குத்தான், சிவப்பாக இருந்ததே.

குட்டைக்கு வந்தவளைப் பார்த்த எருமை சேற்றிலிருந்து எழுந்தே விட்டது.

"எவடி உன்னை இப்படிப் பண்ணினது?"

"எல்லாரும்தான்க்கா. பிரியமாத்தான் பண்ணினாங்க."

எருமை தனக்கு வந்த கோபத்தில் குட்டையைக் கலக்கியது. பிறகு கரையேறி, பக்கத்தில் காய்ந்து கிடந்த ஓடையின் மணலில் குளம்பால் தோண்டத் தொடங்கியது. முட்டி ஆழம் தோண்டியதும் அடியில் ஈரம் கசிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கை அளவு தெளிந்த தண்ணீர் ஊறி நின்றது.

"இது முன்னாடியே எனக்குத் தோணியிருக்கணும்" என்றது எருமை. "தோணல. சேத்துல கெடந்து கெடந்து புத்தியும் சேறாப் போச்சு. இன்னையில இருந்து நீயும் உன் பிள்ளையும் இங்கேயே குடிங்க. சுனையும் வேண்டாம், உங்க தலைக்கடுவன் சொல்ற முதல் மடக்கும் வேண்டாம். அந்த நொச்சிப் புதர்ல நிழல் இருக்கு. பத்து நாள். பத்து நாள் ஒரு கை படாம இருந்தா பிழைச்சுப்பே."

மருதிக்கு அழுகை வந்தது. கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்ததால் அழுவதை நிறுத்திக்கொண்டாள்.

அவள் புதருக்குள் தங்கினாள். தண்ணீரில் நனைத்த இலை, கற்றாழைச் சோறு, நிழல், பழையபடி. கை துறுதுறுத்தால் தன் விரல்களைத் தன் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொள்வாள். உடம்பில் காய்ச்சல் இருந்தது. ஆனாலும் மூன்றாம் நாள் சீழ் வற்றியது. நாலாம் நாள் முகம் முழுக்கக் கறுப்பாக, கெட்டியாகப் பொருக்குக் கட்டியது. மூடிய கண் நூலளவு திறந்தது.

"நாத்தம் போயிடுச்சு. ஆறுது, மருதி" என்றது எருமை. "இன்னும் ஆறே நாள்."

ஐந்தாம் நாள் உச்சிப்பொழுது. எருமை குட்டைக்குப் போய்ப் புரண்டுகொண்டிருந்தது. பல நாளாகத் தூங்காத மருதி, அன்று வலி குறைந்ததும் தன்னை மறந்து தூங்கிப்போனாள்.

பொட்டு தூங்கவில்லை. அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா முகம் கறுத்துக் கிடந்தது. அது சிவந்திருந்த நாளில் சுனையில் வயிறு நிறையத் தண்ணீர் கிடைத்தது, கூட்டமே சுற்றி உட்கார்ந்தது. கறுத்த பிறகு ஒருவரும் வரவில்லை. அம்மாவுக்குப் பிரியமானவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் அவன் பார்த்திருக்கிறான். இப்போது அதைச் செய்ய அவனைத் தவிர யார் இருக்கிறார்கள்?

சின்ன விரல்கள். மெதுவாகத்தான் பெயர்த்தான். ஒன்றும் மிச்சம் வைக்காமல், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பெயர்த்தான். காய்ச்சல் மயக்கத்தில் இருந்தவள் வலியில் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அம்மா, பாரு" என்றான் பொட்டு. அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. "நானே பண்ணினேன். நல்லாச் சிவந்துடுச்சு. இனிமே நமக்குத்தான் முதல் மடக்கு."

மருதி தன் முகத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. குட்டியின் கைகளைப் பிடித்தாள். ஒவ்வொரு விரலாக நக்கித் துடைத்துவிட்டாள்.

"நல்லாப் பண்ணினே, கண்ணு" என்றாள்.

எருமை வந்து பார்த்தது.

புண் இம்முறை உள்ளே இறங்கியது. இலையும் கற்றாழையும் எட்டாத ஆழம். மருதி இன்னும் நாலு நாள் இருந்தாள். கடைசி இரண்டு நாள் இரு கண்ணும் திறக்கவில்லை. ஊற்றுக்குழியில் தண்ணீர் இருக்கிறதா, பொட்டு குடித்தானா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். இருக்கிறது, குடித்தான் என்று எருமை ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னது. பிறகு அவள் கேட்பது நின்றுபோயிற்று.

பொட்டு அதற்கப்புறமும் ஒரு நாள் முழுக்க அம்மாவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தான். எருமை அவனைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு போய் மலையடிக்கு இறங்கியிருந்த கூட்டத்தோடு விட்டது. போகிற வழியில், அம்மா எதனால் போனாள் என்று அவன் கேட்டான். எருமைக்குப் பொய் சொல்லத் தெரியாது. எல்லாரையும் சொன்னது. கடைசியில் அவனையும் சொல்லிவிட்டது. சொன்னது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரத்தில் மழை வந்தது. ஒரே இரவில் சுனை நிரம்பி வழிந்தது. மறுநாள் காலை தலைக்கடுவன் விளிம்பில் வந்து உட்காரவே இல்லை. யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் ஒன்றாக இறங்கிக் குடித்தார்கள். கொக்கியும் குடித்தாள். பொட்டுவும் குடித்தான்.

அன்று சாயங்காலம் பொட்டுவின் முழங்காலில் ஒரு முள் கீறல் இருப்பதைக் கொக்கி பார்த்தாள். "வாடா, நான் பாத்து விடறேன்" என்று கூப்பிட்டாள்.

பொட்டு போகவில்லை. இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். கீறல் மேல் பொருக்கு வந்தது, அரித்தது, காய்ந்தது, ஒரு நாள் தானாக உதிர்ந்தது. அதுவரைக்கும் அவன் கையை எடுக்கவில்லை.

குரங்குப் புண் ஆறாது என்று நாம் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் எவர் புண்ணானாலும், ஆறுகிற புண்ணைத் தொடாமல் இருப்பதே பாதி மருந்து, கையை அடக்கத் தெரியாவிட்டால் அன்பும் அதற்கு நஞ்சுதான்.